உருவிலிப் பேய்கள் கவசக்காரரைத் தாக்கும்போது: மூன்றாவது ஏசி எண்ணைக் கணக்கிடுவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேஜை விளையாட்டுகளில், ஃபுல் பிளேட் கவசமும் கேடயமும் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்கும் வீரரை ஆர்க் கூட்டம் சுற்றி நின்று அடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே வீரர் ஷேடோ என்ற உருவிலிப் பேய்கள் மூன்றிடம் மூன்றே ரவுண்டில் செத்துப்போவார். அப்போதுதான் மேஜையில் வாக்குவாதம் தொடங்கும்: கவசம் கணக்கில் வருமா? மந்திரக் கவசம் என்றால்? மேஜ் ஆர்மர் மந்திரம் போட்டிருந்தால்?

சண்டை நடுவே இதற்கெல்லாம் பதில் தேடினால் அரை மணி நேரம் போய்விடும். ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு கதாபாத்திரத் தாளிலும் ஓர் எண்ணைக் கூடுதலாக எழுதிவைத்தால் பெரும்பாலான வாக்குவாதம் எழவே எழாது. ஏசி (ஆர்மர் கிளாஸ்) என்பது நம்மை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண். உடலில்லாமல் பொருள்களை ஊடுருவும் பேய்களான உருவிலிகளுக்கு எதிரான அந்தக் கூடுதல் எண்ணை இங்கே உருவிலி ஏசி என்று அழைப்போம்.

## 1. எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்

கவசத்தை ஊடுருவும் தொடுதல் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பிலும் பாத்ஃபைண்டர் முதல் பதிப்பிலும் உள்ள விதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5-ஆம் பதிப்பிலும் பாத்ஃபைண்டர் 2-ஆம் பதிப்பிலும் டச் ஏசி (தொட்டாலே போதும் என்ற தாக்குதலுக்கான ஏசி) என்ற எண்ணே கிடையாது. அங்கே பேயும் வழக்கமான ஏசியைத்தான் எட்டியாக வேண்டும்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பதிப்பில் ஆடியவர்கள் புதிய பதிப்பில் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டராக உட்கார்ந்ததும் "பேய்க்குக் கவசம் பொருட்டில்லை" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடுகிறார்கள். அதன் விளைவு 9-ஆம் பகுதியில். அதுவரை வரும் எண்கள் எல்லாம் 3.5 பதிப்பின் எண்கள். பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு மாறும் முக்கிய இடம் ஒன்றை 7-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

## 2. கையில் இருக்க வேண்டியவை

கதாபாத்திரத் தாளில் ஏசி ஒரே மொத்தமாக இருந்தால் போதாது. எந்த போனஸ் எங்கிருந்து வருகிறது என்ற பிரிப்பு வேண்டும். சுமக்கும் பொருள்களின் எடையும் வேண்டும். எடைக்குப் பேயோடு என்ன தொடர்பு என்று தோன்றும். 8-ஆம் பகுதியில் தெரியும்.

கேம் மாஸ்டர் பக்கம் மூன்று விஷயங்கள்: பேயின் தாக்கு போனஸ், தொட்டால் என்ன ஆகும், தப்பிக்கும் பகடை உருட்டலான சேவிங் த்ரோ உண்டா இல்லையா. மூன்றாவதைத்தான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு வீரரை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 16, டெக்ஸ் (சுறுசுறுப்பு) 12. +1 ஃபுல் பிளேட், +1 ஹெவி ஸ்டீல் கேடயம், +1 ரிங் ஆஃப் ப்ரொடெக்‌ஷன், +1 அமுலெட் ஆஃப் நேச்சுரல் ஆர்மர். கையில் லாங்ஸ்வேர்ட்.

## 3. ஏசியைப் பிரித்து எழுதுங்கள்

அடிப்படை 10, கவசம் 9, கேடயம் 3, டெக்ஸ் 1, மோதிரத்தின் டிஃப்ளெக்‌ஷன் 1, தாயத்தின் இயற்கைக் கவசம் 1. மொத்தம் 25.

உருவிலி தொடும்போது கவசம், கேடயம், இயற்கைக் கவசம் மூன்றும் விழுந்துவிடும். கவசத்தில் ஏற்றிய +1 மந்திரமும் கூடவே விழும். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்குகிறார்கள். "மந்திரக் கவசமாச்சே, பேயைத் தடுக்காதா?" என்பார்கள். தடுக்காது. அந்த +1 கவசத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் போனஸ். கவசத்தையே ஊடுருவி வரும் கைக்கு, அதன் மேல் ஏறியதும் ஒரு தடையாகாது. பார்க்ஸ்கின் மந்திரமும் இதே ரகம். அது இயற்கைக் கவசத்தைக் கூட்டுகிறது, எனவே பயனில்லை.

நிற்பவை: டெக்ஸ், டாட்ஜ், டிஃப்ளெக்‌ஷன், சிறிய உருவத்துக்கான +1, மாங்க் வகுப்பின் விஸ்டம் போனஸ். இவை எதுவும் உடம்புக்கு மேல் பூசிய தகடு அல்ல. விலகிக்கொள்வது, அல்லது கை நெருங்குமுன்பே தள்ளிவிடுவது.

நம் வீரருக்கு மிஞ்சுவது 10 + 1 + 1 = 12.

ஷேடோவின் தாக்கு போனஸ் +3. இருபது முகப் பகடையை உருட்டி இந்தப் போனஸைக் கூட்டி ஏசியை எட்ட வேண்டும். ஏசி 25 என்றால் பகடையில் இயல்பான 20 விழுந்தால்தான் அடி; வாய்ப்பு 5 சதவீதம். ஏசி 12 என்றால் 9 விழுந்தாலே போதும். வாய்ப்பு 60 சதவீதம். ஃபுல் பிளேட் டெக்ஸ் போனஸை +1-க்கு மேல் விடாது என்பதால், கனத்த கவசக்காரர்களின் உருவிலி ஏசி ஏறக்குறைய எப்போதும் இந்த 11, 12 பக்கமே கிடக்கும். லெதர் கவசம் போட்ட திருடன் 14, 15 என்று நிற்பார். முன்வரிசையும் பின்வரிசையும் இடம் மாறிவிடும். இதைச் சண்டைக்கு முன்பே குழு உணர்ந்திருப்பது நல்லது.

## 4. ஃபோர்ஸ் ஆனவற்றைத் திரும்பச் சேருங்கள்

உருவிலிகளால் ஊடுருவ முடியாத ஒன்று ஃபோர்ஸ், அதாவது திடப்பொருள் போல நிற்கும் மந்திர விசை. ஆகவே ஃபோர்ஸால் ஆன கவசமும் கேடயமும் அவற்றுக்கு எதிராக முழுதாக நிற்கும்.

மேஜ் ஆர்மர் மந்திரம் +4. ஷீல்ட் மந்திரம் +4. ஆனால் ஓதியவருக்கு மட்டும். பிரேசர்ஸ் ஆஃப் ஆர்மர் எந்த அளவோ அந்த அளவு. கோஸ்ட் டச் பண்பு ஏற்றிய கவசமோ கேடயமோ ஃபோர்ஸ் அல்ல. ஆனாலும் அதன் விதியே "உருவிலிக்கு எதிராக முழு போனஸும் உண்டு" என்று சொல்கிறது.

புதியவர்களுக்கு நம்பிக்கை வராத இடம் இதுதான்: ஃபுல் பிளேட் போட்டவர் மேலேயே மேஜ் ஆர்மர் போடலாம். இரண்டும் கவச போனஸ் என்பதால் கூட்டிக்கொள்ள முடியாது, பெரியதுதான் நிற்கும். ஆர்க் கோடரியை ஓங்கும்போது 9-தான் பெரியது. மேஜ் ஆர்மர் சும்மா கிடக்கும். ஷேடோ கையை நீட்டும்போது அந்த 9 இல்லை. அடியில் கிடந்த 4 எழுந்து நிற்கும். 12 என்பது 16 ஆகும். அடி விழும் வாய்ப்பு 60-லிருந்து 40 சதவீதத்துக்கு இறங்கும்.

"கூட்டிக்கொள்ள முடியாது" என்ற விதியைக் கேட்டதும் "அப்போ வீண்" என்று மந்திரவாதி அந்த மந்திரத்தைத் தயார் செய்யாமல் வந்துவிடுவார். முதல் நிலை மந்திரம் ஒன்றில் நான்கு புள்ளி ஏசியை வேண்டாம் என்று விட்டதாகத்தான் கணக்கு.

## 5. டச் ஏசி வேறு, உருவிலி ஏசி வேறு

இரண்டையும் ஒன்றென்று எழுதிவிடுவது அனுபவசாலிகளும் செய்யும் தப்பு. மந்திரவாதியின் நெருப்புக் கதிர் வந்தால் அது சாதாரண டச் தாக்குதல். அங்கே கவச போனஸ், கேடய போனஸ் எதுவும் வராது. ஃபோர்ஸ் ஆனாலும் வராது. உருவிலியின் தொடுதலுக்கு மட்டும் ஃபோர்ஸ் சேரும்.

காரணத்தை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். கதிருக்குக் கவசத்தில் பட்டாலே போதும், வேலை முடிந்தது. ஆகவே கவசம் எதனால் ஆனது என்ற கேள்வியே அங்கே இல்லை. பேயின் கை கவசத்துக்கு உள்ளே நுழைந்து உடலைத் தொட்டாக வேண்டும். உள்ளே நுழையவிடாத கவசம் என்றால் அது நிற்கும்.

எனவே மேஜ் ஆர்மர் போட்ட நம் வீரரின் தாளில்:

ஏசி 25. டச் 12. உருவிலி 16.

அதற்குக் கீழே எதிர்பாராத தாக்குதலுக்கான எண்ணையும் எழுதுங்கள். ஃப்ளாட்-ஃபுட்டட் நிலையில் டெக்ஸும் டாட்ஜும் போய்விடும், உருவிலி 15. சுவரிலிருந்து கை முளைக்கும் எதிரி என்றால் முதல் அடி பெரும்பாலும் இந்த எண்ணில்தான் விழும்.

## 6. எண்ணை உயர்த்துவது: மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

மேஜ் ஆர்மர் பானம் 50 தங்கம். முதல் நிலை ஓதுநர் கணக்கில் ஒரு மணி நேரம் நிற்கும். கல்லறைக்குள் நுழையுமுன் கவசக்காரர் ஒவ்வொருவரும் ஒன்று குடித்துவிடலாம். குழுவில் மந்திரவாதி இருந்தால் அந்தச் செலவும் இல்லை. அவர் நிலைக்கு ஒரு மணி நேரம் வீதம் நிற்கும். சண்டை தொடங்கிய பின் குடித்தால் அந்த ரவுண்டின் முக்கியச் செயலான ஒரு ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷன் போய்விடும், பக்கத்தில் நிற்கும் பேய்க்கு இலவச அடியும் கிடைக்கும். அதனால்தான் முன்கூட்டியே.

அடுத்தது ஷீல்ட் ஆஃப் ஃபெய்த், +2 டிஃப்ளெக்‌ஷன். இது நிமிடக் கணக்கு. 50 தங்கப் பானம் ஒரே நிமிடம், அதாவது 10 ரவுண்ட். எதிரி கண்ணில் படும்வரை வைத்திருங்கள். டிஃப்ளெக்‌ஷன் போனஸ்கள் ஒன்றோடொன்று கூடாது என்பதையும் மறக்காதீர்கள்: +1 மோதிரம் உள்ளவருக்கு இதன் நிகர லாபம் ஒன்றுதான். ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் தருவதும் +2 டிஃப்ளெக்‌ஷன்தான். மோதிரம், ஃபெய்த், ஈவில் மூன்றையும் கூட்டி +5 என்று எழுதிய தாள்கள் எத்தனையோ.

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு, அதை யாரும் நினைப்பதில்லை. முழுத் தற்காப்பு, அதாவது டோட்டல் டிஃபென்ஸ், +4 டாட்ஜ் தரும். கவசத்தின் டெக்ஸ் வரம்பு டாட்ஜைக் கட்டுப்படுத்தாது. மேஜ் ஆர்மரோடு சேர்ந்தால் நம் வீரர் 20-இல் நிற்பார். ஷேடோவுக்கு 20 சதவீதம்தான் வாய்ப்பு. அவர் கையில் சாதாரண வாள் இருந்தால் உருவிலியை எப்படியும் அடிக்க முடியாது, மந்திர ஆயுதம் வேண்டும். அடிக்க முடியாதவர் வழியை அடைத்துக்கொண்டு தற்காத்து நிற்பதே குழுவுக்குச் செய்யும் பெரிய உதவி.

கோஸ்ட் டச் கவசம் கடைசி. அது +3-க்குச் சமமான பண்பு. +1 கவசத்தில் ஏற்றினால் விலைக்கணக்கு +4 ஆகி 1,000 தங்கம் 16,000 ஆகிவிடும். ஒரே ஒரு கல்லறைக்காக இதை வாங்குவது வீண். தொடர் முழுக்கப் பேய்கள்தான் என்றால் மட்டும் யோசியுங்கள்.

செய்யக்கூடாதது: "கவசம்தான் பயனில்லையே" என்று கழற்றப் போவது. ஃபுல் பிளேட்டைக் கழற்ற 1டி4+1 நிமிடம் (நான்கு முகப் பகடை ஒன்றை உருட்டி ஒன்றைக் கூட்டுவது), அதாவது 20 முதல் 50 ரவுண்ட். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். டெக்ஸ் 12 உள்ளவருக்குக் கழற்றியும் ஒரு புள்ளி கூடாது.

## 7. மேஜையில் தீர்க்கும் வரிசை

முதலில் பேய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உருவிலி சுவருக்குள் நுழையலாம். ஆனால் வெளிப்பரப்பை ஒட்டியே இருக்க வேண்டும், அதன் இடத்தைவிடத் தடிமனான பொருளை முழுக்கக் கடக்க முடியாது. சுவருக்குள் இருந்தபடியே அடித்தால் அதற்கும் வெளியே தெரியாது: எதிரிக்கு முழு மறைவு, 50 சதவீதம் தவறும். சரியாக அடிக்க வேண்டுமென்றால் வெளியே வந்தாக வேண்டும். கேம் மாஸ்டர்கள் இந்த 50 சதவீதத்தை மறந்து, சுவருக்குள் பத்திரமாக இருந்தபடி ஒவ்வொரு ரவுண்டும் குறி தப்பாமல் தொடும் பேய்களை ஆட்டுகிறார்கள். அது விதியில் இல்லாத பேய்.

ஆடுபவர் பக்கத்துக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. உள்ளே இருக்கும்போது பேய்க்கு முழுப் பாதுகாப்பு. அடிக்கக் கை நீட்டும் நொடியில் வெறும் கவர், +4 மட்டும். ஆகவே ரெடி ஆக்‌ஷன் வைத்துக் காத்திருங்கள். ஷேடோவின் ஏசி 13, கவரோடு 17. மேஜிக் மிசைல் ஃபோர்ஸ் என்பதால் உருவிலியை அடிப்பவருக்கு உள்ள 50 சதவீதத் தவறல் அதற்கு இல்லை. மந்திர வாளுக்கு உண்டு. பாத்ஃபைண்டர் முதல் பதிப்பில் இந்தத் தவறலுக்குப் பதில் மந்திர ஆயுதம் பாதிச் சேதம் செய்யும்.

அடுத்து தாக்கு உருட்டல், உருவிலி ஏசிக்கு எதிராக. பட்டால் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) சேதம். அதற்குப் பிறகுதான் தனி விளைவு. இங்கே ஒவ்வொரு பேயும் வேறு:

ஷேடோ, சிஆர் (சவால் அளவு) 3, தாக்கு +3: 1டி6 ஸ்ட்ரெங்த் சேதம். ஹிட் பாயின்ட் சேதமும் இல்லை, சேவிங் த்ரோவும் இல்லை.

ரெய்த், சிஆர் 5, தாக்கு +5: 1டி4 சேதம். பிறகு டிசி (எட்ட வேண்டிய இலக்கு எண்) 14 ஃபோர்டிட்யூட் சேவிங் த்ரோ. தோற்றால் 1டி6 கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) நிரந்தரமாகப் போகும்.

ஸ்பெக்டர், சிஆர் 7, தாக்கு +6: 1டி8 சேதம், எனர்ஜி டிரெயின் வழியாக இரண்டு நெகட்டிவ் லெவல் (நிலையிழப்பு). அந்த நேரத்தில் சேவிங் த்ரோ கிடையாது.

நெகட்டிவ் எனர்ஜி விளைவுகளிலிருந்து காக்கும் டெத் வார்ட் மந்திரம் இதில் எதைத் தடுக்கும் என்பது வழக்கமான வாக்குவாதம். ஷேடோவின் விளைவு நெகட்டிவ் எனர்ஜி என்று அதன் விவரத்திலேயே இருக்கிறது, தடுக்கும். ஸ்பெக்டரின் எனர்ஜி டிரெயினையும் தடுக்கும். ரெய்த்தின் விவரத்தில் அப்படி ஒரு வாசகம் இல்லை. வாசகப்படி கான்ஸ்டிடியூஷன் போகத்தான் செய்யும்.

## 8. ஸ்ட்ரெங்த் குறைந்தால் கவசமே எதிரி

ஷேடோ தொட்ட உடனே தாக்கு போனஸையும் சேதத்தையும் குறைத்துவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். எடையைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

நம் வீரரின் ஃபுல் பிளேட் 50 பவுண்டு, கேடயம் 15, வாள் 4. வெறும் இவையே 69. ஸ்ட்ரெங்த் 16-இல் இது லேசான சுமை. ஸ்ட்ரெங்த் 7-இல் உச்சவரம்பு 70. மூச்சுப் பிடித்து நிற்கலாம். ஸ்ட்ரெங்த் 6-இல் உச்சவரம்பு 60. அதைத் தாண்டிவிட்டால் டெக்ஸ் போனஸ் முழுதும் போகும், முழு ரவுண்டைச் செலவழித்து 5 அடிதான் நகர முடியும். முதுகில் பையும் கயிறும் இருந்தால் இன்னும் சீக்கிரமே இந்த நிலை வரும்.

மூன்று ஷேடோ, உருவிலி ஏசி 12 என்று வையுங்கள். ரவுண்டுக்குச் சராசரி 1.8 தொடுதல், 6.3 ஸ்ட்ரெங்த். முதல் ரவுண்டு முடிவில் 10 பக்கம். இரண்டாவது முடிவில் 3 பக்கம். ஓடவும் முடியாது, விலகவும் முடியாது. மூன்றாவதில் பூஜ்யம், அதாவது மரணம். 1டி4 ரவுண்டில் அவரே ஷேடோவாக எழுந்து குழுவின் மேல் பாய்வார்.

மேஜ் ஆர்மரோடு 16 என்றால் ரவுண்டுக்கு 4.2. இரண்டாவது ரவுண்டு முடிவிலும் கையில் 7, 8 இருக்கும். இன்னும் நடக்க முடியும். அந்த 50 தங்கப் பானம் ஒரு கூடுதல் ரவுண்டைத் தருகிறது என்று பார்ப்பதைவிட, தப்பியோடக் கால் இருக்கும் ரவுண்டைத் தருகிறது என்று பார்ப்பதே சரி.

எனவே கவசக்காரருக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும். தன் சுமைக்கு எந்த ஸ்ட்ரெங்த்தில் கால் நிற்கும் என்று முன்பே பார்த்து, அதற்கு ஒரு தொடுதல் மிச்சம் வைத்துப் பின்வாங்க வேண்டும். நம் வீரருக்கு அது 13. ஒரே அடியில் 6 போனாலும் 7 மிஞ்சும். 13-இல் பின்வாங்குவது கோழைத்தனம் போலத் தோன்றும். 9-இல் நினைத்தாலும் முடியாமல் போகலாம். லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் 1டி4 ஸ்ட்ரெங்த்தைத் திருப்பித் தரும், ஆனால் ஓத மூன்று ரவுண்டு ஆகும். சண்டை நடுவே அதை நம்ப வேண்டாம்.

## 9. 5-ஆம் பதிப்பில் ஆடுகிறீர்கள் என்றால்

மேலே சொன்ன கழித்தலைச் செய்யாதீர்கள். ஸ்பெக்டர் (இங்கே 2014 விதிகளின் எண்கள், சிஆர் 1) +4-ஓடு முழு ஏசியை எட்ட வேண்டும். பிளேட்டும் கேடயமுமாக ஏசி 20 என்றால் 16 விழ வேண்டும், 25 சதவீதம். பட்டால் 3டி6 நெக்ராட்டிக், டிசி 10 கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ தோற்றால் அதிகபட்ச ஹிட் பாயின்ட்டும் அவ்வளவு குறையும்.

இங்கே யாராவது கவசத்தைக் கழித்து 11 என்று வைத்தால் வாய்ப்பு 70 சதவீதமாகிவிடும். பழைய பதிப்பில் பேய்களின் தாக்கு எண்கள் தாழ்வாக இருந்தும் போதுமானதாக இருந்தது கவசம் குறுக்கே வராது என்பதால்தான்: ஷேடோவின் +3 என்பது அடிப்படை +1, டெக்ஸ் +2, அவ்வளவே; உருவிலிக்கு ஸ்ட்ரெங்த் கிடையாது. புதிய பதிப்பின் சேதமும் தாக்கு எண்ணும் கவசம் குறுக்கே நிற்கும் என்று வைத்து எழுதப்பட்டவை. அந்த எண்ணோடு இந்த விதியை ஒட்டினால் இரண்டாம் நிலைக் குழு ஒரே அறையில் முடிந்துவிடும்.

மேஜ் ஆர்மர் தந்திரமும் இங்கே செல்லாது; கவசம் அணியாதவர் மேல்தான் போட முடியும். பொருளுக்குள் இருந்தபடி தன் முறையை முடிக்கும் ஸ்பெக்டருக்கு 1டி10 ஃபோர்ஸ் சேதம் உண்டு. கேம் மாஸ்டர் அதை உருட்ட மறந்தால் நினைவூட்டுங்கள். 5-ஆம் பதிப்பின் ஷேடோவுக்குச் சுவரை ஊடுருவும் திறன் இல்லை. ஓர் அங்குல இடுக்கு இருந்தால் அதன் வழியாக வரும். கதவிடுக்கைத் துணியால் அடைத்தால் பழைய பதிப்பில் எந்தப் பலனும் இராது. இங்கே அது உருப்படியான திட்டம்.